பின்வளவுத் தீயும் அயல்வீட்டு மூச்சும்

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி விடுமுறை கழிந்த பின் எமக்கு வந்த கடிதங்களில் கணிசமானவை ஒரே விடயத்தைப் பற்றியவையாக இருந்தன. சமையலுக்காகவோ குப்பையை ஒழிப்பதற்காகவோ அன்றி, சுற்றியிருந்து பொழுதைப் போக்குவதற்காக வீட்டுப் பின்வளவுகளில் மூட்டப்படும் விறகுத் தீயே அவ்விடயம். அயலவர்களுக்கிடையிலான மனத்தாங்கல் கலந்தது என்பதால், எழுதியவர்களின் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அடுத்த வளவுக்காரரின் வீட்டுக்கு மார்கழி மாதம் கனடாவிலிருந்து உறவினர்கள் வந்து நின்றார்கள். கோடிப்புறத்தில் ஓர் இரும்புத் தொட்டியை வைத்து, இரவில் நெடுநேரம் விறகு எரித்து, அதைச் சுற்றிக் கதிரை போட்டிருந்து கதைத்தார்கள். அவர்கள் திரும்பிப் போன பின்பும் வீட்டுக்காரர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய என் மாமிக்குத் தொய்வு உண்டு. புகை வரும் இரவுகளில் அவருக்கு முட்டு இழுக்கிறது. இதைச் சொன்னபோது, "நாங்கள் பொலித்தீனோ ரயரோ எரிக்கவில்லை, வெறும் வேப்பம் விறகுதானே, கனடாவில் எல்லா வீட்டிலும் இது இருக்கிறது" என்று பதில் வந்தது. வெறும் விறகுப் புகை தீங்கற்றதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தீங்கற்றதன்று. குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டியும், ஓமகுண்டத்தின் முன் கண் கரிக்க இருந்தும், புகையை நன்மையோடு சேர்த்தே பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆதலால் விறகுப் புகை 'இயற்கையானது' என்ற எண்ணம் எம்மிடம் எளிதில் அசைவதில்லை. பொலித்தீன் எரிக்கவில்லை என்பது நல்லதே. ஆயினும் அது பெரியதொரு தவறைச் செய்யவில்லை என்பதற்குச் சான்றேயன்றி, செய்வது தீங்கற்றது என்பதற்குச் சான்றன்று.

விறகு முற்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் சாம்பலுமே மிஞ்ச வேண்டும். திறந்த வெளியில் வைத்த தொட்டியில் வெப்பம் நாற்புறமும் சிதறிப் போவதால் விறகு ஒருபோதும் முற்றாக எரிவதில்லை. எரியாமல் எஞ்சியவைதான் புகையாக வெளிவருகின்றன. காபனோரொட்சைட்டு, பென்சீன், போமல்டிகைட்டு, புற்றுநோயோடு தொடர்புடைய பல்வளைய ஐதரோகாபன்கள் ஆகியவை அதில் உள்ளன. எல்லாவற்றிலும் கூடிய கவலைக்குரியவை நுண்துகள்கள். விறகுப் புகையின் துகள்களிற் பெரும்பாலானவை 1 மைக்ரோமீற்றரிலும் சிறியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுத்து நிறுத்த மாட்டா. அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை செல்கின்றன. தொய்வுள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கும்; இருதய நோயுள்ளவருக்கு மாரடைப்பின் ஆபத்தும் கூடும். காற்றிலுள்ள நுண்துகள்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் 2013இல் வகைப்படுத்தியது.

ஒரு தொட்டித் தீ எவ்வளவு புகையைத் தந்துவிடும் என்று கேட்கலாம். மரத்தின் இனத்தையும் ஈரத்தையும் பொறுத்து, ஒரு கிலோ விறகு திறந்த வெளியில் எரியும்போது சில கிராம் தொடக்கம் 15 கிராம் வரையான துகள்கள் வெளிவரலாம். 10 கிராம் என்றே கொள்வோம். ஓர் இரவில் 5 கிலோ விறகு எரித்தால் 50 கிராம். இலங்கையில் 2008ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட துகள்கள் 24 மணிநேரச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டல் அளவோ 15 மாத்திரமே. நிலத்திலிருந்து 10 மீற்றர் உயரத்துக்குள் புகை அடங்கிக் காற்று அசையாமல் நின்றால், அந்த 50 கிராம் ஏறத்தாழ 400 பரப்புக் காணியின் மேலுள்ள காற்றை 50 என்ற அளவுக்குக் கொண்டுவரப் போதுமானது. உண்மையில் புகை அப்படிச் சமமாகப் பரவுவதில்லை, சட்ட அளவும் ஒரு நாளின் சராசரிக்கானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமமாகப் பரவாது என்பதன் பொருள் யாதெனில், தூரத்து வீடுகளுக்குக் குறைவாகவும் வேலிக்கு அப்பாலுள்ள உங்கள் வீட்டுக்குப் பல மடங்காகவும் அது வந்து சேரும் என்பதே.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் புகை விரைவிற் கலைந்துவிடும். அப்போதுள்ள பெரிய ஆபத்து தீப்பொறி பறந்து கிடுகு வேலியிலும் காவோலைக் குவியலிலும் விழுவதாகும். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நிலம் வெப்பத்தை இழந்து விரைவாகக் குளிர்கிறது, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது, அதன் மேல் வெப்பமான காற்றுப் படை மூடிபோல அமைகிறது. புகை அந்த மூடியைத் தாண்டி மேலே எழ இயலாமல் வளவுகளுக்குள் பரந்து நிற்கும். தீ மூட்டிக் குளிர்காயத் தோன்றும் இரவுகளும் புகை கலையாத இரவுகளும் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. எமது வீடுகளோ வெக்கைக்கு ஏற்பக் கட்டப்பட்டவை. சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரங்களும் கூரைக்கும் சுவருக்குமிடையே இடைவெளியும் உள்ள வீட்டில் யன்னலைச் சாத்துவதால் ஓரளவே பயன் கிடைக்கும். மின்விசிறி புகையைச் சுழற்றுமேயன்றி அகற்றாது.

கனடாவைப் பற்றிய வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்மவர் பெருமளவில் வாழும் ரொறன்ரோ நகரத்தில் அனுமதியின்றிப் பின்வளவில் திறந்த விறகுத் தீ மூட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது. மொன்றியலில் 2018 ஒக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவிடும் விறகடுப்புகளை வீட்டுக்குள்ளேகூடப் பயன்படுத்த முடியாது. அனுமதிப்பத்திரம் கொடுத்து, நேரத்தையும் இடைவெளியையும் வரையறுக்கும் வேறு நகரசபைகளும் அங்கு உள்ளன. எனவே 'அங்கே எல்லா வீட்டிலும்' என்பது சரியன்று. அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தாற்கூட, அது உங்கள் மாமியின் மூச்சுக்கு ஆறுதலாகப் போவதில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. புகை வந்துகொண்டிருக்கும்போது வேலிக்கு மேலால் சத்தமிடுவதைத் தவிர்த்து, மறுநாட் காலையில், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் போய்க் கதைப்பது நல்லது. "அண்ணை, உங்கட சந்தோசத்தைக் குழப்ப வரேல்லை, புகை வாற இரவிலை அம்மாவுக்கு முட்டு இழுக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று உங்கள் கணவர் நேரிற் சொன்னால், நுண்துகளைப் பற்றிய விளக்கம் செய்யாததை அந்த ஒரு வசனம் செய்யக்கூடும். மாமிக்குத் தடுப்பு மருந்தாக வைத்தியர் தந்த இன்ஹேலரை அறிகுறி இல்லாத நாட்களிலும் தவறாமல் பாவிக்கச் செய்யுங்கள். முட்டு வரும்போது மட்டும் பாவிக்கும் இன்ஹேலரில் தங்கியிருப்பது எம்மூரில் அடிக்கடி காணும் குறை. ஒரு வசனத்தை முழுமையாகப் பேசி முடிக்க இயலாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ காத்திராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள்.

கேள்வி: எனது கைத்தொலைபேசியில் யாழ்ப்பாணத்தின் காற்றுத் தரம் 'மிதமானது' என்று காட்டும் அதே நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் கண் எரிகிறது. எதை நம்புவது?
– மாணவர், கொக்குவில்

பதில்: உங்கள் கண்ணை. அளவீட்டுக் கருவி தான் நிற்கும் இடத்துக் காற்றையே அளக்கிறது. அடுத்த வீட்டுத் தொட்டியிலிருந்து எழும் புகையை ஊரின் மறுபக்கத்திலுள்ள கருவி அறியாது. சில செயலிகள் நேரடி அளவீடு இல்லாத இடங்களுக்குச் செய்மதித் தரவுகளையும் கணிப்புகளையும் கொண்டு எண்களைக் காட்டுவதும் உண்டு.

அதற்காக அந்த எண்களைப் புறக்கணிக்க வேண்டாம். 2022 டிசெம்பர் இரண்டாம் வாரத்தில், வங்காள விரிகுடாவில் நிலைகொண்ட புயலோடு சேர்ந்த காற்றோட்டம் இந்தியப் பக்கத்து மாசை இங்கு கொண்டுவந்தபோது யாழ்ப்பாணம் உட்பட நாட்டின் பல நகரங்களில் காற்றுத் தரம் கெட்டு, டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளும் மூடப்பட்டன. அந்த மாசை எமது வளவுகள் உண்டாக்கவில்லை, நாம் தடுத்திருக்கவும் முடியாது. கார்த்திகை தொடக்கம் மாசி வரை கடல் கடந்து வரும் மாசு ஏற்கெனவே காற்றில் இருக்கும் நாட்கள் உண்டு என்பதையும், அந்நாட்களில் வளவுத் தீயின் புகை அதன் மேலேயே சேர்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். செயலி காட்டும் காற்றுத் தரச் சுட்டெண் 100ஐத் தாண்டும் நாளில் எந்த வளவிலும் விளையாட்டுக்குத் தீ மூட்டுவதற்கு நியாயமில்லை.

கேள்வி: நுளம்புக்காக மாலையில் வேப்பிலையும் பொச்சு மட்டையும் போட்டுப் புகைக்கிறோம். டெங்குக் காலத்தில் இதையும் தவறென்பீர்களா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: டெங்குவைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னரும் கடிப்பது. விளக்கு வைத்த பின் போடும் புகை அதற்குப் பிந்தியது. புகை நிற்கும் வரை நுளம்பு சற்று விலகும், கலைந்ததும் திரும்பும். பொச்சு மட்டை சுவாலையின்றிக் கனன்று எரிவதால் புகை மிகுதி. வேப்பிலை சேர்ந்தால் அந்தப் புகையின் துகள்கள் மருந்தாகிவிடுவதில்லை. சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்து ஊற்றுவதும், நுளம்பு வலையும் இதைவிடப் பயன் தரும்.

கேள்வி: நான் விறகடுப்பிலேதான் சமைக்கிறேன். பின்வளவுத் தீக்கு எதிராகப் பேசினால், "உங்கட குசினியிலிருந்தும்தான் புகை வருகிறது" என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?
– இல்லத்தரசி, சுன்னாகம்

பதில்: புகையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது; துகளுக்குச் சோறும் கேளிக்கையும் ஒன்றே. நியாயத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. 2022இல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் பல, அன்று திரும்பவும் மூட்டிய அடுப்பை இன்னும் அணைக்க வசதியில்லாமல் இருக்கின்றன. உலையேற்ற வேண்டிய வீட்டிடம் தீயை நிறுத்தச் சொல்வதும், கதிரை போட்டிருந்து கதைக்கும் வீட்டிடம் நிறுத்தச் சொல்வதும் ஒரே கோரிக்கையாகா. குறைக்க வேண்டுமென்றால் தேவையில்லாத தீயிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் அடுப்பின் புகையை அயலவரிலும் கூடுதலாகச் சுவாசிப்பவர் நீங்களே. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாளில் நெடுநேரம் அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்களைச் சுற்றித் திரியும் பிள்ளைகளும் இந்தப் புகைக்குக் கூடுதலாக ஆளாகிறார்கள். புகைபோக்கி இருந்தால் அதன் கரியை அடிக்கடி தட்டித் துப்புரவாக்குங்கள். மாரிக்கு முன்பே விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிடுங்கள். மூன்று கல் அடுப்பாயின், சந்தையிற் கிடைக்கும் இரட்டை வாய் மண் அடுப்புக்கு மாறினால் விறகும் குறையும், புகையும் குறையும். கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊதுகுழலால் அடுப்பூத வேண்டாம்.

கேள்வி: நான் சிறிய விருந்தினர் விடுதியொன்றை நடத்துகிறேன். தங்க வருபவர்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வரும் எம்மவர்கள், 'பார்பிக்கியூ'வும் அதன்பின் 'கேம்ப் ஃபயரு'ம் கேட்கிறார்கள். மறுத்தால் வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள். அயலவருக்குத் தொல்லையில்லாமல் செய்ய வழியுண்டா?
– விடுதி உரிமையாளர், நல்லூர்

பதில்: நெருங்கிய குடியிருப்புக்குள் தொல்லையே இல்லாமல் விறகுத் தீ மூட்ட வழியில்லை; தொல்லையைக் குறைக்க வழிகள் உண்டு. உங்கள் தொழிலை நான் இகழவில்லை, ஆனால் விருந்தினர் இரண்டு இரவு தங்கிப் போய்விடுவார். வேலிக்கு அப்பால் இருப்பவருக்கு ஒவ்வொரு விருந்தினரின் தீயும் தொடர்ந்து வருகிறது.

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இறைச்சி வாட்டுவதற்கு நன்கு கனன்ற சிரட்டைக் கரி போதும். கொழுப்பு ஒழுகி எரியும்போது எழும் புகையைத் தவிர அதில் புகை குறைவு. அதற்குப் பின், எதையும் சமைக்காமல், கட்டை மேல் கட்டை போட்டு நள்ளிரவு வரை எரிப்பதே பெரும் புகைக்குக் காரணம். அந்த இரண்டாவதை நிறுத்திவிட்டு, முற்றத்தில் விளக்கலங்காரமும் பாட்டும் வைத்துத் திருப்திப்படுத்தும்படியே ஆலோசனை சொல்வேன். சுவாலைதான் வேண்டுமென்று வற்புறுத்துவோருக்கு எரிவாயுவில் எரியும் தொட்டிகள் இருக்கின்றன. செலவு கூட, புகை மிகக் குறைவு.

விறகுதான் என்றால், வெட்டிய மரத்தில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இறங்கக் காய்ந்த விறகை மட்டும் பாவிக்க வேண்டும். இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும், ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். சிறிதாக, சுவாலையோடு எரியும் தீயே நல்லது. பெரிய கட்டையைப் போட்டுக் கனலவிடுவதும், விருந்தினர் படுக்கப் போனபின் அணைக்காமல் விடுவதும்தான் அயலாரை விடியும் வரை வருத்துகின்றன. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி முற்றாக அணையுங்கள். காற்று அசையாத இரவில் மூட்ட வேண்டாம்.

வண்ணம் பூசிய பழைய கதவு நிலைகள், பிளைவூட், பசை கொண்டு அழுத்திய பலகைகள் எதையும் தீயில் இடக் கூடாது. பழைய வண்ணங்களில் ஈயமும் பலகைப் பசையில் போமல்டிகைட்டும் இருக்கக்கூடும். சில வளவுகளில் இன்னும் ரயில் பாதையின் பழைய சிலிப்பர் கட்டைகள் கிடக்கின்றன. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கு உயிர்காத்த மரம் அது. உக்காமல் இருப்பதற்காகத் தார் எண்ணெய் ஊட்டப்பட்டதாகையால் எரிப்பதற்குச் சற்றும் ஏற்றதன்று. கனல் இருக்கும் கரித்தட்டைக் குளிருக்காகவோ மழைக்காகவோ அறைக்குள் கொண்டுபோக எவரையும் அனுமதிக்காதீர்கள். மணமில்லாத காபனோரொட்சைட்டு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி: கொரோனாக் காலத்து முகக்கவசம் புகைக்கு உதவுமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: துணிக் கவசமும் நீல நிறச் சத்திரசிகிச்சைக் கவசமும் பெரிதாக உதவா, ஓரங்களால் புகை உட்செல்லும். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 கவசம் நுண்துகள்களில் 95 வீதத்தைத் தடுக்கக்கூடியது, வாயுக்களைத் தடுக்காது. மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அதை நீண்ட நேரம் அணிவது கடினம், அணிந்தபடி உறங்குவது அதனிலும் கடினம்.

கேள்வி: பலமுறை சொல்லியும் கேட்காத அயலவருக்கு எதிராகச் சட்டத்தில் என்ன வழி உண்டு? பொலிஸுக்குப் போனால் பகை முற்றிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பொலிஸ் முதற்படியாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியைப் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ கொடுங்கள். டெங்குச் சோதனைக்கு வளவு வளவாக ஏறியிறங்கும் அவரை ஊரார் அறிவர். அவர் வந்து நேரிற் பார்த்துச் சொல்லும் சொல்லுக்கு, அயலவர் சொல்லும் சொல்லுக்கில்லாத கனம் உண்டு.

அந்தத் தீயில் குப்பையும் சேர்கிறதா என்பது சட்டத்தில் முக்கியமான வேறுபாடு. குப்பையையும், பிளாஸ்ரிக் உள்ளிட்ட எரியக்கூடிய பொருள்களையும் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்யும் கட்டளை, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2017 செப்டெம்பர் 1ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானியில் வெளியாகியுள்ளது. பொலித்தீனோ ரெஜிபோமோ தீயிற் போடப்பட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் முறையிட உங்களுக்கு உறுதியான காரணம் இருக்கிறது.

வெறும் விறகு என்றால், தொல்லை பற்றிய பொதுச் சட்டத்தையே நாட வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் அளிக்கிறது. 'பொது' என்பதால் ஒரு வீட்டின் முறைப்பாட்டைவிட, ஒழுங்கையிலுள்ள பல வீட்டார் ஒப்பமிட்ட முறைப்பாடு வலுவுடையது. உங்கள் வீட்டுக்கு மட்டுமே தொல்லையென்றால் குடியியல் வழக்கு என்ற பாதையும் உண்டு, அது காலமும் பணமும் விழுங்கும்.

பகை முற்றும் என்ற உங்கள் அச்சத்துக்கு ஏற்ற இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகளில், சட்டத்தரணிகள் இருதரப்புக்காகவும் வாதாடுவதில்லை. மூன்று மத்தியஸ்தர்கள் இருவரையும் இருத்திக் கதைத்து இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வார்கள். 'தீயே கூடாது' என்று போய் நிற்பதிலும், எந்த நாட்கள், எத்தனை மணி வரை, எந்த மூலையில், எந்த விறகு என்று தெளிவாகக் கேட்பது பயன் தரும். போவதற்கு முன் ஒரு கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்றடித்த திசை, வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் வந்தது என்பவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள்; வைத்தியரிடம் போயிருந்தால் கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தையும் பிரதியெடுத்து அதனுடன் சேருங்கள்.